சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தினார்கள்.

ஒருத்தி திரையில் இருந்தாள். இன்னொருத்தி திரைக்கு முன்னால், முதல் வரிசையில், தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்தவள் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடது கை மணிக்கட்டைத் திருப்பி வாயை மறைத்தாள். அதே நொடியில் முதல் வரிசையில் தெரிந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. அதுவும் இடது கை. அதுவும் மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டுதான் வாய்க்குப் போனது.

சனிக்கிழமை பிற்பகல், நான்கு மணி தாண்டியிருக்கும். வெளியே ஜார்ஜ்டவுன் முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஏர்கோன் குளிரில் நாங்கள் எட்டுப் பேர், பின் வரிசைகளில் ஆளுக்கொரு மூலையில். முதல் வரிசையில் அந்த மாதம் யாரும் உட்காரக்கூடாது. அதற்காகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

திரையில் சிரித்தவள் என் அக்கா லெட்சுமி. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது என் கையாலேயே அவளுக்குக் கொள்ளி வைத்தேன்.

எழுந்து ஓடினேன். அறுபதைத் தாண்டியவன், மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திரிபவன், அந்தச் செங்குத்தான மரப்படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. தெருவுக்கு வந்த பிறகுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். அதை எடுக்கத் திரும்பி மேலே ஏறுகிற தைரியம் மட்டும் வரவில்லை.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், மாக் மண்டின் தொழிற்சாலையில் நான் மெஷின் ரிப்பேர் பார்த்த கதையை எழுதி உங்களைச் சிரிக்க வைத்தேன். சிரித்ததாகச் சிலர் எழுதியும் இருந்தார்கள். இந்த வாரச் சிரிப்புக்கு நான் பொறுப்பில்லை.

எல்லாக் குழம்பும் ஊற்றிய தட்டு

அந்தக் கொட்டகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொட்டகை என்று சொல்வதே அதிகம். ஒரு பழைய கடைவீட்டின் மாடி. எங்கோ இடித்த தியேட்டரிலிருந்து வாங்கி வந்த நாற்பத்தெட்டு மடக்கு நாற்காலிகள். கீழே, செத்தவர்களுக்காக எரிக்கும் காகிதச் சாமான் விற்கிற சீனர் கடை. காகிதச் சட்டை, காகிதக் கார், காகித டிவி, இப்போதெல்லாம் காகிதக் கைப்பேசியும் சார்ஜரும்கூட. அவற்றுக்கு நடுவே ஒதுங்கி நடந்துதான் படி ஏற வேண்டும்.

மேலே பழைய படங்கள் மட்டுமே ஓடும். நடத்துகிற சீனருக்கு எது கிடைக்கிறதோ அதுதான் அந்த வாரப் படம். ஒரு வாரம் கறுப்பு வெள்ளையில் மலாய்ப் பேய்ப் படம். மறுவாரம் ஜப்பானிய வாள்சண்டை, அடியில் எழுத்துகூட ஓடாது. அதற்கடுத்து ஹொக்கியன் மொழியில் இரண்டரை மணி நேர அழுகை. பிறகு திடீரென்று நம் சாமி படம் ஒன்று வந்து நிற்கும். நாசி கண்டார் சோற்றுக் கடையில் எல்லாக் குழம்பையும் ஊற்றிக் கொடுப்பார்களே, அப்படி ஒரு வரிசை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை தவறாமல், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி அதைத்தான் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு அங்கே ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. படத்தில் வருகிறவர்களை எண்ணுவது. இவர் போய்விட்டார். இந்தக் கதாநாயகி போன வருடம் போனாள். இந்தக் கூட்டத்தில் கொடி பிடித்து நிற்கிறவன் போயிருப்பான். இந்தக் குதிரை எப்போதோ போயிருக்கும். எட்டுப் பேர் இருட்டில் உட்கார்ந்து நூறு பேரைப் பார்ப்போம். அந்த நூறு பேரில் ஒருவர்கூட இன்று எங்கேயும் இல்லை. ஆனால் சிரிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், கதவைத் திறந்துகொண்டு நம்மைப் பார்த்து வருகிறார்கள். முதல் மாதம் வேடிக்கையாக இருந்தது. பிறகு எண்ணுவதை நிறுத்த முயன்றேன், முடியவில்லை.

அது சீனர்களின் ஏழாம் மாதம். பினாங்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மாதம் முழுக்கச் செத்தவர்கள் ஊருக்குள் சுற்றுவார்கள் என்பது நம்பிக்கை. தெருவோரம் ஊதுவத்தி எரியும், காகிதம் எரிந்த கரி காற்றில் பறக்கும். அவர்களுக்காக மேடை போட்டுப் பாட்டும் கூத்தும் நடத்துவார்கள். அந்தக் கூத்தில் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அவை பார்க்க வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு. உயிருள்ளவன் எவனும் அதில் உட்கார மாட்டான்.

எங்கள் கொட்டகைக்காரர் அதே வழக்கத்தை மாடியிலும் வைத்திருந்தார். அந்த மாதம் முதல் வரிசைக்கு டிக்கெட் கிடையாது. எட்டு நாற்காலிகளையும் விரித்து, விருந்தாளிகளுக்காக ஒவ்வொன்றிலும் ஒரு மண்டரின் ஆரஞ்சு வைத்துவிடுவார்கள். படம் ஓடும்போது திரை வெளிச்சத்தில் அந்த எட்டுப் பழங்களும் தெரியும். பார்க்காமல் இருக்கத்தான் நினைப்பேன், கண் தானாகப் போகும்.

வாழைத்தண்டு

இனி அக்கா.

நாங்கள் அப்போது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான். அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அம்மா விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவாள். நான் எறிந்த ஒரு கல்லில் அக்காவின் முன்பல் பாதி உடைந்தது. அதன் பிறகு அவள் சிரித்தால் மணிக்கட்டைத் திருப்பி வாயை மறைத்துக்கொள்வாள். அந்தச் சாடை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் இல்லை. தைப்பிங்கில் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, அக்கா அங்கே காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள், ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்துவிட்டார்கள், உடன்பிறந்தவன் நீதான் செய்யவேண்டியதைச் செய்ய வேண்டும் என்றார்.

தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால், ரப்பர் மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஓர் ஓடை. அங்கே வாழைத்தண்டில் ஓர் ஆள் செய்து படுக்க வைத்திருந்தார்கள். அதற்கு அக்காவின் பச்சைப் பாவாடையையும் தாவணியையும் சுற்றியிருந்தார்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேங்காய். எனக்கு மொட்டை போட்டு, தோளில் தண்ணீர்க் குடம் வைத்து, மூன்று முறை சுற்றச் சொன்னார்கள். குடத்தில் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் முதுகில் வழிந்தது. பிறகு கொள்ளிக் கட்டையைக் கையில் கொடுத்தார்கள். நான் வைத்தேன். வாழைத்தண்டு சட்டென்று பற்றாது. பாவாடைதான் முதலில் எரிந்தது.

இரண்டு மாதத்தில் தோட்டத்தைக் காலி செய்துகொண்டு பட்டர்வொர்த் வந்துவிட்டோம். அப்பாவுக்கு மாக் மண்டினில் வேலை. அக்காவின் படத்துக்குச் சுவரில் பொட்டும் மாலையும். ஒவ்வொரு தீபாவளிக்கு முன்னாலும் அம்மா அவளுக்குப் படையல் போடுவாள். அவளுக்குப் பிடித்த சம்பல் நெத்திலி கட்டாயம் இருக்கும். ஐம்பது வருடத்துக்கு மேல் நான் அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருக்கிறேன்.

பாதி எழும்பிய கட்டடம்

அந்தச் சனிக்கிழமைப் படம் ஒரு மலாய்க் கலர்ப் படம். வேலை தேடிக் கோலாலம்பூர் போகும் ஒரு கிளார்க்கின் கதை. பாதி ஜார்ஜ்டவுனிலேயே எடுத்தது. பிரதி பழையது, மற்ற நிறங்களெல்லாம் போய்ச் சிவப்பு மட்டும் மிச்சம். கடல் சிவப்பு, வானம் சிவப்பு, கதாநாயகனின் பல்கூடச் சிவப்பு.

ஃபெர்ரித் துறையில் ஒரு காட்சி வந்தது. கிளார்க் பெட்டியோடு நிற்கிறான். அவனைச் சுற்றி நடப்பவர்கள் நடிகர்கள் இல்லை, உண்மையிலேயே ஃபெர்ரி ஏற வந்த ஜனங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து, தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், கையில் அடுக்குக் கேரியருடன் கேமராவை நோக்கி வந்தாள். திடுக்கிட்டு நின்றாள். நேராக என்னைப் பார்த்தாள். பார்த்தாள், சிரித்தாள், மணிக்கட்டைத் திருப்பினாள். கை மறைப்பதற்கு முன் பாதிப் பல் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால், வீடுகளின் கூரைகளுக்கு மேலே, இன்று பினாங்கு முழுக்கத் தெரியும் கொம்தார் கோபுரக் கட்டடம் பாதி எழும்பி நின்றது.

பினாங்குக்காரனுக்கு அதைவிடப் பெரிய காலண்டர் வேண்டாம். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தபோது அந்த இடத்தில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. நான் மேல்பள்ளியில் படிக்கும்போது அது மாடி மாடியாக ஏறியதை ஃபெர்ரியிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்படியானால், நான் எரித்த அக்கா ஏழெட்டு வருடம் கழித்துக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரித் துறையில் நடந்து வருகிறாள்.

இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள்தான் கீழே முதல் வரிசையில் அந்த வெள்ளைத் துணி அசைந்தது. கை எழுந்தது. அதற்குமேல் நான் கணக்குப் போடவில்லை, ஓடினேன்.

நெத்திலிக்குத் தலை கிள்ளியபடி

மனைவி ஈப்போவில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும். தொண்ணூறை நெருங்குகிறாள். காது கேட்கும், கண் தெரியும், கால்தான் ஒத்துழைக்காது. கூடத்தில் நாளிதழை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்த மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, நான் அக்காவப் பாத்தேன்."

"எந்த அக்கா?"

"நம்ம லெட்சுமி அக்கா. படத்துல வர்றா."

அம்மாவின் கை நிற்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். முக்காடு, கேரியர், பல், மணிக்கட்டு. முன் வரிசையை மட்டும் சொல்லவில்லை.

"பின்னால கொம்தார் தெரியுதும்மா. பாதி கட்டியிருக்கு. அக்கா செத்து எத்தன வருசம் கழிச்சு அது."

"பாதியா?"

"பாதிக்கு மேலயே இருக்கும்."

"ஒல்லியா இருந்தாளா?"

"இல்ல. கொஞ்சம் சத போட்டிருந்தா."

அம்மா இன்னும் நாலைந்து தலைகளைக் கிள்ளிப் போட்டாள்.

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கா," என்றாள்.

கொட்டகை இருட்டில் வந்த பயத்தைவிட இப்போது வந்தது பெரிது. எதிரே உட்கார்ந்திருப்பது என் அம்மாதானா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"என்னம்மா சொல்ற?"

"செத்தா தானே. அவ எங்க செத்தா? சம்பள நாளுக்குச் சைக்கிள்ல துணி கொண்டாருவான் ஒரு துலுக்கப் பையன், ஜார்ஜ்டவுன்காரன். நல்ல பையன்தான். அவன்கூடப் போயிட்டா. உங்கப்பா, அவ செத்தான்னு சொல்லிக் காரியம் பண்ணுனாதான் இந்த வீட்டுல இருப்பேன், இல்லாட்டிப் பையனத் தூக்கிட்டுக் கண்காணாம போயிடுவேன்னாரு. நான் என்ன பண்ணட்டும்? ஒரு புள்ளயாச்சும் கையில இருக்கட்டும்னு வாய மூடிக்கிட்டேன்."

பெற்றவர்கள் உயிரோடிருக்கும் பெண்ணுக்குக் கருமாதி செய்வது நம் ஜனங்களிடம் நடக்காததல்ல. கேள்விப்பட்டிருக்கிறேன். கேட்டபோதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியும் இருக்கிறேன். என் தோளில் குடம் இருந்ததை ஒரு முறைகூட அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

"அப்பா போயி இருவது வருசமாச்சு. அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல்ல அவருக்குப் பயந்தேன். அவரு போனப்புறம் உனக்குப் பயந்தேன்."

"எனக்கென்னத்துக்கு?"

"கொள்ளி வச்சவன் நீதான்."

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். உயிரோடு இருக்கிறவளுக்கா வருடா வருடம் படையல் போட்டாய் என்று கேட்டேன். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "எங்கயாச்சும் பசியோட இருக்கக்கூடாதுன்னு போட்டேன். வேற எப்படி அவளுக்குச் சோறு போடுறது?"

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் பார்த்ததையும் சொன்னேன். அம்மா நாளிதழை மடித்து ஓரமாக வைத்தாள்.

"போய்ப் பாத்துட்டு வா. அது அவளா இருந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடு. என்னால படி ஏற முடியாது. எனக்கு இன்னும் நாளும் அதிகமில்ல."

அந்தப் படம் மறு சனிக்கிழமையும் உண்டு. அதுவரை ஒரு வாரம் நான் தூங்கவில்லை. கொம்தார் பாதி எழும்பியபோது அக்கா உயிரோடு இருந்தாள், சரி. இப்போதும் இருக்கிறாளா? இடையில் எப்போதாவது உண்மையாகவே செத்துப்போயிருந்தால்? செத்தவர்களுக்காக ஒதுக்கிய வரிசையில், செத்தவர்கள் வரும் மாதத்தில், தன் பழைய படத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தால்? அம்மாவிடம் அதை நான் எப்படிச் சொல்வது?

மறு சனிக்கிழமை

டிக்கெட் கொடுப்பது, மிளோ கலக்குவது, நாற்காலி துடைப்பது எல்லாமே புஷ்பாதான். நாற்பது வயதுக்காரி, எங்கள் பட்டர்வொர்த்துப் பெண். என்னைப் பார்த்ததும் கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள்.

"உங்க செருப்பு அண்ணே. அவசரமா டாய்லெட்டுக்குப் போனீங்களா?"

"புஷ்பா, போன வாரம் முன் வரிசைக்கு டிக்கெட் கொடுத்தியா?"

"இல்ல லா அண்ணே. இந்த மாசம் முன்னுக்கு விக்க மாட்டோம்."

"ஒரு ஆளு உக்காந்திருந்தாங்க. நான் பாத்தேன். வெள்ளத் துணி."

புஷ்பாவின் முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாஸ்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணே, என் வேல போயிடும். அது மரியம் அக்கா. கண்ணுல பொர வந்து ஒன்னுமே தெரியல அவங்களுக்கு, முன்னுக்கு உக்காந்தாதான் கொஞ்சம் தெரியும். இந்தப் படம் போட்டா மட்டும் வருவாங்க. லைட் அணைச்சப்புறம் கயித்தத் தூக்கி உள்ள விட்டுடுவேன். ஆரஞ்ச மடியில வச்சுக்குவாங்க, போறப்ப திரும்ப வச்சிடுவாங்க. வேற மாசமா இருந்தா ஒன்னுமில்ல. பாஸ் இந்த மாசம் பாத்தா போடணும் இந்தப் படத்த?"

பினாங்குத் தெருவில் அடிக்கு ஒரு வெள்ளை முக்காடு போகும். அதைப் பார்த்துப் பேய் என்று செருப்பை விட்டுவிட்டு ஓடியவன், இந்தத் தீவின் வரலாற்றிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. மரியம் என்ற பெயரைக் கேட்டதும், சைக்கிளில் துணி கொண்டுவந்த அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

"தமிழ் பேசுவாங்களா?"

"நம்மள விட நல்லாவே பேசுவாங்க."

"இன்னிக்கு வருவாங்களா?"

"வரணும். லேட்டாதான் வருவாங்க. கதையெல்லாம் வேணாமாம், அந்த ஃபெர்ரி சீன் வந்தா போதுமாம்."

உள்ளே போனேன். இரண்டாவது வரிசையில், சிவப்புக் கயிற்றுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தது. எட்டு நாற்காலி, எட்டு ஆரஞ்சு. கிளார்க் வேலை இழந்தான், காதலித்தான், அவன் அம்மா அழுதாள். முதல் வரிசையில் யாரும் இல்லை. புஷ்பா என்னிடம் சொன்னதெல்லாம் உண்மைதானா, இல்லை பயந்தவனைச் சமாதானப்படுத்த ஏதோ சொன்னாளா என்றுகூட நினைத்தேன்.

பக்கக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்கவில்லை. சுவரை ஒட்டி வெள்ளையாக ஒன்று நகர்ந்து வந்ததைத்தான் முதலில் பார்த்தேன். சுவரைத் தடவிக்கொண்டே வந்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து, நடு நாற்காலியில் இருந்த பழத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

இந்த முறை ஓடவில்லை. கயிற்றைத் தாண்டினேன். அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஆரஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாற்காலி முனகிய சத்தத்தில் அவள் திரும்பினாள். எனக்கு அப்பாவின் வழுக்கை, அப்பாவின் மூக்கு, அப்பாவின் பெரிய காது. திரையின் சிவப்பு வெளிச்சத்தில், பார்வை மங்கிய கண்களுக்கு என்ன தெரிந்ததோ, அவள் உடம்பு முழுவதும் ஒடுங்கிப்போனது.

"அப்பா," என்றாள், மிக மெல்ல. "நான் படம் பாக்கத்தான் வந்தேன். முடிஞ்சதும் போயிடுறேன்."

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபது வயதுக்கு மேல் ஆனவள், பத்தொன்பது வயதில் பயந்ததுபோலப் பயந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அப்பா இல்ல. பாலன்."

திரையில் ஃபெர்ரித் துறை வந்தது. அவள் என் கையை இறுகப் பிடித்தாள், ஆனால் முகத்தைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"இரு. அவரு வர்றாரு."

கேரியருடன் வந்து சிரிக்கிற அக்காவை அவள் பார்க்கவே இல்லை. எனக்குச் சுட்டிக்காட்டியது அவளுக்குப் பின்னால், தோளில் துணி மூட்டையோடு வருகிற ஓர் ஒல்லி மனிதனை. நாலு எட்டு நடந்தார், ஏதோ சொன்னார், ஓரமாகப் போய் மறைந்தார். அவர் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது. மணிக்கட்டு தானாக வாய்க்குப் போனது. அந்த வாயில் இப்போது மறைக்க ஒரு பல்லும் இல்லை.

"அவ்ளோதான்," என்றாள். "போயி ஆறு வருசமாச்சு. அவரு நடக்குறதப் பாக்கணும்னா இங்கதான் வரணும்."

இருவரும் வெளியே வந்தோம். கவுண்டருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். வெளிச்சத்தில் அவள் அம்மாவைப் போலவே இருந்தாள். அப்பா இல்லை, அம்மா இருக்கிறாள், பட்டர்வொர்த்தில் உனக்காகக் காத்திருக்கிறாள் என்று சொன்னேன். புஷ்பா மிளோ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

"அக்கா, உனக்குக் கொள்ளி வச்சது நான்தான்."

"தெரியும். பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"மூனாவது நாளு மனசு கேக்கல," என்றாள். "அவருதான், அம்மாகிட்ட சொல்லிட்டு வான்னு பஸ் ஏத்திவிட்டாரு. ரோட்டுல வந்தா அப்பா பாத்துடுவாருன்னு ரப்பர் மரத்துக்குள்ளயே வந்தேன். ஓடக்கிட்ட கூட்டம். என் பச்சப் பாவாடையக் கட்டி யாரையோ படுக்க வச்சிருக்காங்க. யாரு செத்தான்னு மரத்துப் பின்னால நின்னு பாத்தேன். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அது நான்னு தெரிஞ்சுது."

புஷ்பா தன் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டாள்.

"உன்ன மொட்ட போட்டு நிக்க வச்சிருந்தாங்க. ஓடி வந்து தூக்கிக்கலாம்னு ரெண்டு எட்டு வச்சேன். உன் மொகத்தப் பாத்தேன். நீ அழல பாலா. நான் இல்லாட்டியும் இவன் இருந்துக்குவான்னு நெனச்சேன். நீ அழுதிருந்தா வந்திருப்பேன்."

அன்று காலை குடத்தைத் தோளில் ஏற்றும்போது அப்பா என் காதருகே குனிந்து சொன்னார்: அழாதே, அழுதால் அவள் திரும்பி வந்துவிடுவாள். பேயாக வந்துவிடுவாளோ என்ற பயத்தில், கண்ணை அகல விழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் அவ்வளவு ஆசை வைத்திருந்த அக்கா வந்துவிடக் கூடாதே என்று, ஏழு வயதில், என் முழு பலத்தையும் போட்டு அழுகையை அடக்கினேன். முப்பது அடி தூரத்தில் அவள் நின்றிருக்கிறாள்.

இதை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த பெஞ்சிலேயே, புஷ்பாவுக்கு எதிரில், படம் முடிந்து வெளியே வந்த ஏழு பேருக்கும் எதிரில், கேவிக் கேவி அழுதேன். ஒருவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். புஷ்பா படம் சோகம் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தாள்.

அக்கா என்னைத் தடுக்கவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. மிளோ ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு என் தோளில் கையை ஊன்றி எழுந்தாள்.

"சரி, படியில மெதுவா எறக்கிவிடு," என்றாள். "அடுத்த ஃபெர்ரி எத்தன மணிக்கு?"